இடது பக்கம், கடைசி வரிசை

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வலது பக்கம் உட்கார்ந்தால் தூத்துக்குடிப் பக்கத்துக் கரை கொஞ்ச நேரம் தெரியும், அப்புறம் வெறும் தண்ணீர். இடது பக்கம் என்றால் எங்கள் மாவட்டத்தையே விரித்துப் போட்ட மாதிரி பார்க்கலாம். கண்மாய்கள் வரும், கருவேலங்காடு வரும், வாலிநோக்கத்து உப்பளம் கட்டம் கட்டமாக வரும். கரையைத் தாண்டியதும் கடலுக்குள் சின்னச் சின்னத் தீவுகள். தலையைத் திருப்பினால் தூரத்தில் மண்டபம், பாம்பன் பாலம், ராமேஸ்வரம், அதற்கும் கிழக்கே மன்னாரை நோக்கி நீளும் மணல் திட்டுகள். காலை விமானமென்றால் அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும். முகம் காயும், கடலைப் பார்த்தால் கண் கூசும். பரவாயில்லை, கையால் மறைத்துக்கொண்டாவது பார்க்க வேண்டும். இறக்கை மறைக்கிற வரிசைகள் வேண்டாம், அதற்கு நாலைந்து வரிசை பின்னால் தள்ளி உட்கார வேண்டும். திரும்பி வரும்போது வலது பக்கம். போகவும் வரவும் ஒரே பக்கத்தைக் கேட்டு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இந்த ஞானமெல்லாம் வளைகுடாவில் வண்டி ஓட்டின வருஷங்களில் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் பலருக்கும் கொழும்பு வழியாகத்தான் டிக்கெட் எடுப்பார்கள். லீவு முடிந்து போகும்போதெல்லாம் கடலாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் எங்கே என்று தேடிக்கொண்டே போவேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்மாயைக் கண்டுபிடித்து, அதுதான் எங்களுடையது என்று முடிவுகட்டி, அழுதுவிட்டுத்தான் நிமிர்வேன். ஊரில் இதைச் சொல்லப் போய் எங்கள் அய்யாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏலே, ஏரோப்பிளேன்ல எங்கன உக்காந்தா என்னடா? எல்லாப் பயலும் ஒண்ணாத்தான எறங்குவீக?" என்றார். அவர் கடைசி வரை விமானம் ஏறியதில்லை.

நான் கல்யாணம் செய்தது மண்டபம் அகதி முகாமில் பிறந்த பெண்ணை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சண்டைக்குத் தப்பி மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்தவர்கள். என் மாமனார் எங்கள் ஜில்லாவில் அரை ஆயுளைக் கழித்தும் 'ஆமா' என்று ஒரு தடவை சொல்லி நான் கேட்டதில்லை, 'ஓம்'தான். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சாந்தமான மனிதர். முகாமில் வரிசையில் நில் என்றால் நிற்பார், கையெழுத்துப் போடு என்றால் போடுவார், அங்கே உட்கார் என்றால் அங்கே உட்காருவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஏன் மாமா எதையும் எதிர்த்துக் கேட்க மாட்டீர்களா என்றால் சிரிப்பார்.

என் மாமியார் முகாமிலேயே இறந்துபோனார். கடற்கரையை ஒட்டிச் சவுக்கு மரங்கள் நிற்கிற இடத்தில் எரித்தோம். சாம்பலை அங்கேயே முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரைத்தோம். அதற்குப் பிறகு மாமா சாயங்காலம் தவறாமல் அந்தப் பக்கம் நடந்துபோய் வருவார். போய் என்ன செய்வார் என்று யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், இலங்கைக்குத் திரும்பிப் போகப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். ஊரில் தங்கச்சி ஒருத்தி மட்டும் இருக்கிறாள், அவளுக்கும் உடம்பு சரியில்லை, சாகும்போது சொந்த மண்ணில் கிடக்க வேண்டும் என்றார். முகாமிலிருந்து இன்னும் சில குடும்பங்களும் போகிறார்கள், டிக்கெட்டை அனுப்பிவைக்கிற ஆபீஸ்காரர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றார். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மாவ இங்கன தனியா விட்டுட்டா போறீக?" என்று கேட்டாள்.

அவர் சாப்பிடாமலேயே எழுந்து போனார். அவள் கேட்டது கோபத்தில் கேட்டது, மறுநாளே அவருக்குப் பிடித்த மீனை வாங்கிக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவரும் சாப்பிட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசினதெல்லாம் ஒரே விஷயம்தான். விமானத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியுமா?

எனக்குச் சொல்ல வேண்டுமா? இதைக் கேட்பதற்கு ஒரு ஆள் கிடைக்க மாட்டானா என்றுதானே இருந்தேன். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். இது மதுரை, இது கொழும்பு, விமானம் இப்படிப் போகும், கரை இங்கே, மண்டபம் இங்கே. இடது பக்கம் உட்கார்ந்தால் தெரியும். சவுக்கு மரம் தெரியாது, ஆனால் அந்தக் கரையும் அந்தத் தண்ணீரும் தெரியும். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப கடைசி சீட்டுத்தான் நல்லது, என்ன?" என்றார்.

"கடைசி எதுக்கு மாமா? இறக்கைக்கு நாலு வரிச பின்னாடி கெடைச்சாப் போதும்."

"இல்லைத் தம்பி. விட்டிட்டுப் போற கரை பின்னுக்குத்தான் தெரியும்."

அப்போதுதான் அவர் வள்ளத்தில் வந்த கதையைச் சொன்னார். வள்ளத்தில் எல்லாரும் முன்னால் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களாம். ராமேஸ்வரத்து விளக்கு எப்போது தெரியும் என்று எல்லாருக்கும் அதே பேச்சு. இவர் மட்டும் பின்னால், இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாயார் நின்ற கரையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். "முன்னுக்கு இருந்தவைக்கு இந்தியா தெரிஞ்சது. எனக்கு எங்கட கரை தெரிஞ்சது. மறையுமட்டும் பாத்தனான். மறையுமட்டும் பாத்தாத்தான் தம்பி, சொல்லிப்போட்டு வந்த மாதிரி" என்றார். அந்தத் தாயாரை அவர் அப்புறம் பார்க்கவில்லை. வள்ளத்தில் வந்தவர்கள் பலரிடமும் இந்தப் பழக்கத்தை நான் கவனித்திருக்கிறேன். யாராவது ஊருக்குப் போனால் பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் நின்று பார்ப்பார்கள். நாமெல்லாம் பஸ் கிளம்பியதும் டீக்கடைக்குப் போய்விடுவோம்.

வள்ளம் வேறு, விமானம் வேறு, அதில் பின்பக்கம் பார்க்க முடியாது என்று எவ்வளவோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். அவர் ஓம் என்றால் சரி என்று அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டேன் என்றுதான் அர்த்தம்.

அவர் கிளம்பிய அன்று மதுரை விமான நிலைய வாசலில் என் மனைவியும் நானும் நின்றோம். அதற்கு மேல் நம்மை விட மாட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு முகாம்காரர்களோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து போன் வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

"தம்பி, கேட்டனான். இடது பக்கம், கடைசி வரிசை, ஓரத்துச் சீட்டு. கவுண்டரில நிண்ட பிள்ளை சிரிச்சுக்கொண்டு தந்தது."

வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா எதையோ வாயைத் திறந்து கேட்டு வாங்கியிருக்கிறார். நானும், சபாஷ் மாமா என்றேன். விமானம் கிளம்பும் வரைக்கும் வெளியே ரோட்டோரத்தில் நின்றோம். அது மேலே ஏறி, சின்னதாகி, ஒன்றுமில்லாமல் போன பிறகும் அவள் அண்ணாந்துகொண்டே நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. போகலாம் போகலாம் என்று நான்தான் முனகிக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்து அவளுக்குப் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, எல்லாம் வடிவாத் தெரிஞ்சது. பாலம் தெரிஞ்சது. பாலத்தில ரயில் போறதும் தெரிஞ்சது. காம்ப் வீட்டுக் கூரையெல்லாம் வெயிலுக்கு மினுங்கினது. அம்மாவை வச்ச இடத்தில அந்தச் சவுக்கு மரங்கள் ஆடிக்கொண்டு நிண்டது. நான் போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். மறையுமட்டும் பாத்தனான், பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ரயில் தெரிந்ததாம், சவுக்கு மரம் ஆடியதாம்! மனுஷன் நன்றாகத்தான் அள்ளி விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கரையைப் பார்த்திருப்பார், தண்ணீரைப் பார்த்திருப்பார், மீதியை ஆசை சேர்த்துக்கொண்டது என்றுதான் எண்ணினேன். அதில் என்ன குற்றம்? நான் கண்மாயைக் கண்டுபிடித்த கதைதானே.

அவள் சிரிக்கவில்லை, முழுசாக நம்பினாள். முகாமில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள், ரேஷன் வரிசையில் நின்று சொன்னாள். "அப்பா அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு." தான் கேட்ட அந்த ஒரு கேள்வி அவளையும் அறுத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் போனுக்குப் பிறகுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

மறு வருஷம் அவர் இறந்துபோனார். காலையில் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது. அவளால் போக முடியாது. முகாமில் பிறந்த அவளுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. கடலைத் தாண்ட அனுமதி வாங்கவே பல நாள் ஆகும், அதுவரைக்கும் அவரைப் போட்டு வைத்திருக்க முடியாது. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. மகள் இடத்தில் மருமகன் போவது என்று முடிவானது. கடலுக்கு அந்தக் கரையில் அவள் அப்பா கிடக்கிறார், இந்தக் கரையில் அவள் நின்று என் சட்டைக்குப் பெட்டி போட்டுக் கொடுக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்பா உக்காந்த சீட்டே கெடைக்குமான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னாள். "அவரு பாத்தத எனக்காக நீங்க ஒருவாட்டி பாத்துருங்க."

அது கிடைக்கவில்லை, யாரோ எடுத்திருந்தார்கள். அதே இடது பக்கத்தில் சில வரிசை முன்னால் ஜன்னல் கிடைத்தது. விமானத்தில் ஏறியதும் பையை மேலே வைத்துவிட்டு, மாமா உட்கார்ந்த இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று பின்னால் போனேன். யாரோ ஒரு மாணவன் அங்கே உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லை. சுவர் இருந்தது. நான் முன் வரிசையைப் பார்த்தேன், அங்கே ஜன்னல் இருந்தது. திரும்பவும் கடைசி வரிசையைப் பார்த்தேன். வெறும் சுவர்.

அங்கே நின்ற பணிப்பெண்ணிடம் கேட்டேன். இந்த விமானத்தில் கடைசி வரிசைக்கு ஜன்னல் வராது சார் என்றாள். இந்த ரூட்டில் எப்போதும் இதே மாதிரி விமானம்தானா என்று கேட்டேன். ஆமாம் சார், ஏன் சார், உங்களுக்குத்தான் அங்கே ஜன்னல் இருக்கே, போய் உட்காருங்கள் என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு மேகம் கிடையாது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. உப்பளம் பளிச்சென்று வந்தது, தீவுகள் வரிசையாக வந்தன, தூரத்தில் பாலம் நூலாகத் தெரிந்தது, மண்டபத்துக் கரை தெரிந்தது. அது அத்தனை அழகாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து முன்னால் வந்து யாருடைய ஜன்னலிலாவது எட்டிப் பார்த்திருக்கலாமே மாமா என்று அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். போட்டு என்ன? உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தே பழகிய மனிதர். ஒரே ஒரு தடவை ஒன்றைக் கேட்டு வாங்கினார், அதுவும் சுவராகப் போய்விட்டது.

கொழும்பில் இறங்கியதும் அவள் போன் வந்தது. "தெரிஞ்சுதா?" என்றாள். தெரிந்தது என்றேன். "அப்பா சொன்ன மாதிரியேவா?" என்றாள். பெட்டி வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

சாவு வீட்டில் மாமாவோடு அதே விமானத்தில் போன ஒருவர் இருந்தார். முகாமில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர், விமானத்திலும் பக்கத்து சீட். எரித்துவிட்டு வந்து குளித்து உட்கார்ந்திருந்தபோது நானாகத்தான் கேட்டேன், மாமா அன்றைக்கு என்ன செய்துகொண்டு வந்தார் என்று.

"ஜன்னல் இல்லையெண்டதும் ஆளின்ர முகம் செத்துப்போச்சு" என்றார் அவர். "முன்னுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேப்பம் அண்ணை எண்டனான். வேண்டாம், தந்த இடத்தில இருப்பம் எண்டிட்டார். பிறகு அந்தச் சுவரில கையை வச்சுக்கொண்டே வந்தவர். கடல் வந்திட்டுதோ எண்டு கேட்டார். நான் முன் ஜன்னலை எட்டிப் பாத்திட்டு, வந்திட்டுது எண்டன். சுவரைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டவர், தம்பி. இறங்குமட்டும் வேற பக்கம் திரும்பேல்லை."

எட்டாம் நாள் காரியம் முடியும் வரைக்கும் அங்கே இருந்தேன். தினமும் அவள் கூப்பிடுவாள், யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள், அப்பாவின் சட்டைகளை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில், அப்பா பார்த்ததைச் சொல்லுங்கள் என்பாள். எனக்குப் பொய் வராது. வாய் கோணிவிடும், அவள் போனிலேயே கண்டுபிடித்துவிடுவாள். காரியம் முடிந்த அன்று சாயங்காலம் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னல் இல்லாததையும், கையை வைத்துக்கொண்டு வந்ததையும், கும்பிட்டதையும்.

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றாள். அப்புறம், "திரும்பி வாரப்போ அந்தச் சுவர ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"எதுக்குடி அது?"

"அவரு பாத்தது அதத்தான?"

திரும்பும்போது கடைசி வரிசையில் இடது பக்கம் கேட்டேன். அங்கே ஜன்னல் இல்லை சார், உங்களுக்குப் பரவாயில்லையா என்றாள் கவுண்டரில் இருந்த பெண். பரவாயில்லை என்றேன். விமானம் ஏறியது. கடல் எப்போது வந்தது, கரை எப்போது வந்தது, ஒன்றும் தெரியவில்லை. சந்தன நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சுவர், தொட்டால் சில்லென்று இருக்கிறது, உள்ளே இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நானும் கையை வைத்துப் பார்த்தேன். போட்டோ எடுத்தேன். பக்கத்தில் இருந்த ஆள் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தண்ணீர் கொடுத்தாள், போனைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள், மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள். எங்கே நகர்த்தினாலும் அதே சுவர்தான்.

"இத மட்டும் பாத்துட்டா எனக்கு அவ்வளவும் சொன்னாரு?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் அவள் தன் அப்பாவுக்காக அழுதாள்.